காடைக்குப் புகலிடமாகக் குட்டை இறுங்கு
(செட்டிபாளையத்தில் கமக்காரர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நெல், மிளகாய், வெங்காயம், கத்தரி என்பவற்றைப் பற்றியே இத்தகைய கூட்டங்களில் பேசுவது வழக்கம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதியது. காடை, காட்டுக்கோழி முதலிய தரைப்பறவைகள் ஒதுங்கி வாழ்வதற்கென ஒரு கீற்று நிலத்திலே குட்டை இறுங்கு பயிரிடுவது எப்படி, அதனால் விளையும் நன்மை யாது, நேரக்கூடிய தீங்கு யாது என்பதே அப்பொருளாகும்.

“குருவி விரட்டுவதற்கே பொழுது போதவில்லை, அதற்குப் பயிரும் செய்து கொடுப்பதா?” என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அது நியாயமான கேள்வியே. வாவிக்கு அப்பால் மண்டூரிலே கோயில் கொண்டிருக்கும் முருகப்பெருமானின் தேவியாகிய வள்ளி, பரண்மீதிருந்து தினைப்புனங் காத்தவள் என்பது நாம் யாவரும் அறிந்த கதை. பறவையிடமிருந்து தானியத்தைக் காத்தல் நம் முன்னோர் காலந்தொட்டு வரும் தொழில். எனவே, மேற்கூறிய கேள்விக்கு முதலில் விடை கூறிவிட்டே விதைப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

பெயர் பற்றி ஒரு சொல்

நாம் சோளன் என்று கூறுவதைத் தமிழகத்தார் மக்காச்சோளம் என்பர். அவர்கள் வெறுமனே சோளம் என்பது நம்மிடத்து இறுங்கு எனப்படும். இவ்வேறுபாட்டை மனதிற் கொள்ளாது விதை கேட்போர், கடையிலே ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவர நேரும். இவ்வுரையில் இறுங்கு என்பது கொண்டையாகக் கதிர்விடும் பழைய சேனைப் பயிராகிய அதனையே குறிக்கும்.

தரைப்பறவைகளின் நிலை

நம் பகுதியில் காடை என்று பொதுப்படக் கூறப்படும் பறவைகள் ஓரினத்தைச் சேர்ந்தவையல்ல. அவற்றுள் அடிக்கடி காணப்படுவது, பின்விரலின்றிக் காலில் மூன்று விரல்களே உடைய சிறு காடையாகும். இதன் வாழ்க்கை வியப்புக்குரியது. பெட்டையே உருவிற் பெரியது; நிறத்திலும் அதுவே சிறந்தது. அது முட்டையிட்டுவிட்டு வேறு சேவலை நாடிச் சென்றுவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் சேவலின் கடமை. அடைகாக்கும் காலம் ஏறக்குறைய இரண்டு வாரமே. இதனைவிட நீலமார்புடைய சிறு காடையும் ஈரப்பாங்கான புல்நிலங்களில் உண்டு. நம் நாட்டின் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி படுவான்கரையின் பற்றைக்காடுகளை அடுத்த இடங்களில் மேயும். கௌதாரியோ புத்தளம் தொடக்கம் யாழ்ப்பாணம் வரையுள்ள வறண்ட கரையோரத்துக்கு உரியது. ஆகையால் அதனை இங்கு எதிர்பார்த்தல் வேண்டாம்.

இப்பறவைகள் யாவும் தரையிலே கூடு கட்டுவன. ஆபத்து வருமிடத்துப் பறப்பதினும் ஓடி ஒளிவதையே முதலில் நாடுவன. ஆதலால் இவற்றுக்கு மூன்று வசதிகள் தேவை. மேலே பருந்தின் கண்ணை மறைக்கும் இலைக்கூரை வேண்டும். கீழே தடையின்றி ஓடுவதற்கு வெற்றிடம் வேண்டும். அருகிலே விதையும் பூச்சியும் வேண்டும்.

முன்னாளிற் சேனைப் பயிர் இம்மூன்றையும் ஒருங்கே அளித்தது. குரக்கன், தினை, சாமை, எள்ளு, இறுங்கு, பயறு எனப் பல தானியங்கள் ஒரே சேனையில் முன்னும் பின்னுமாக முற்றின. அடுத்த ஆண்டுகளில் அந்நிலம் புல்லும் பற்றையுமாகத் தரிசு கிடந்தது. இன்று பல இடங்களில் சோளன் ஒன்றே பரந்து நிற்கின்றது. களைநாசினி புல்லை வேரோடு போக்குகின்றது. பெரும்போக நெல்லை அறுவடை இயந்திரம் ஒரே நாளில் வெட்டி முடிக்கின்றது. எஞ்சிய தாளையும் வரம்புப் புல்லையும் மாட்டுப் பட்டிகள் மேய்ந்துவிடுகின்றன. பின்னர் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெட்டவெளியாகக் கிடக்கும் வயலிலே ஒரு காடை ஒதுங்குவதற்குப் பிடியளவு நிழலும் இல்லை.

பிற நாட்டார் கண்ட பாடம்

இங்கிலாந்து தேசத்தில் கௌதாரி இனப் பறவை ஒன்று பயிர்நிலங்களிலே மிகுதியாக வாழ்ந்தது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அது விரைந்து குறைந்தது. 1960களின் இறுதியிலிருந்து சசெக்ஸ் மாநிலத்தில் ஆராய்ந்த டிக் பொட்ஸ் என்னும் அறிஞர், அதற்குரிய காரணங்களுள் முதன்மையானதை வெளிப்படுத்தினார். களைநாசினி பறவையை நேரே கொல்லவில்லை. அது களைச்செடிகளை அழித்தது. களைச்செடிகளை உண்டு வாழ்ந்த பூச்சிகள் அவற்றோடு அழிந்தன. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதலிரு வாரங்களில் பூச்சியையே உணவாகக் கொள்வது, அதுவின்றி மடிந்தது. வளர்ந்த பறவைக்குத் தானியம் போதும். குஞ்சுக்கு அது போதாது. இவ்வுண்மையை நாம் மறத்தல் கூடாது.

அந்நாட்டிலும் அமெரிக்காவிலும் வேட்டைப் பறவைகளுக்கென வயலோரங்களில் சோளன், தினைவகை, குட்டை இறுங்கு ஆகியவற்றைக் கீற்றுக் கீற்றாக விதைத்து, அறுக்காமல் விடும் வழக்கம் பரவியுள்ளது. அமெரிக்க அரசு 1985ஆம் ஆண்டில் ஏற்படுத்திய திட்டமொன்றின்படி, நிலத்தைப் பயிரிடாது புல்லும் மரமுமாக விடுபவருக்கு ஆண்டுதோறும் பணம் வழங்கப்படுகின்றது. அங்கே வேட்டையாட வருவோரிடமிருந்தும் நிலக்காரருக்கு வருமானம் உண்டு.

நம் நாட்டில் அவ்வருமானம் இல்லை. அதனை நாடவுங் கூடாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 2009ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட அதன் திருத்தமும், குறிக்கப்பட்ட சிலவற்றைத் தவிர ஏனைய காட்டுப் பறவைகளைப் பாதுகாக்கின்றன. புகலிடம் அமைத்து அங்கே கண்ணி வைப்பதும் வலை விரிப்பதும் குற்றம். ஐயமுள்ளோர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாரிடம் கேட்டுத் தெளிக. ஆகவே, நமக்குரிய பயன் வேறு வழியில் வருதல் வேண்டும்.

கமக்காரருக்கு என்ன பயன்?

முதலாவது, இப்பறவைகள் கறையான், எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி முதலியவற்றை உண்பவை. அவை வயலிலுள்ள பூச்சிகள் அனைத்தையும் தின்று தீர்த்துவிடும் என்று யாம் கூறவில்லை. ஆனால் கிருமிநாசினி ஒருமுறை குறையினும் அது இலாபமே.

இரண்டாவது, செட்டிபாளையம், களுதாவளை, தேற்றாத்தீவு போன்ற எழுவான்கரைக் கிராமங்களின் மணற்றரையிலே மிளகாய், கத்தரி பயிரிடுவோர்க்கு இறுங்கு வரிசை வேலியாக உதவும். பாத்தியைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளனோ இறுங்கோ நட்டு, அழுக்கணவன், வெண் ஈ முதலியன தோட்டத்துட் புகுவதைக் குறைக்கும் முறை தமிழகத்திலும் கைக்கொள்ளப்படுகின்றது. இலைச்சுருள் நோயைப் பரப்புவன இத்தகைய பூச்சிகளே என்பதை நீங்கள் அறிவீர்கள். காற்றுத் தடுப்பு தன் உயரத்தைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு தூரத்துக்குப் பயன் தரும் என்பது பொதுக் கணக்கு. நான்கடி உயர்ந்த இறுங்கு நாற்பது அடி தூரத்துக்குக் கச்சான் காற்றின் வேகத்தைத் தணிக்கும்.

மூன்றாவது, கதிரிற் பாதியை நீங்களே கொய்துகொள்ளலாம். பிட்டுக்கும் கூழுக்கும் ஆகும். வீட்டுக் கோழிக்கும் ஆகும். மீதிப் பாதி பறவைக்கு.

குட்டை இறுங்கு ஏன்?

பழைய நாட்டு இறுங்கு எட்டடி, பத்தடி என வளரும். வாடைக் காலத்து மழையோடு கூடிய காற்றில் அது சாய்ந்துவிடும். சாயாது நின்றாலும் கதிர் உயரத்தில் இருப்பதால் கிளிக்கும் தூக்கணாங்குருவிக்குமே விருந்தாகும். நிலத்தில் நடக்கும் காடைக்கு எட்டாது. அடிப்பகுதியும் நிழலின்றி வெறுமையாக நிற்கும்.

குட்டை இறுங்கு மூன்றடி முதல் நான்கடி வரையே வளரும். இதன் காரணத்தை அமெரிக்க அறிஞர்களாகிய குவின்பி, கார்ப்பர் என்போர் 1954ஆம் ஆண்டில் விளக்கினர். இறுங்கின் உயரத்தை நான்கு பரம்பரைக் கூறுகள் முக்கியமாக ஆளுகின்றன. அவை மாறுமிடத்துத் தண்டின் கணுவிடை குறுகுகின்றது. இலைகளின் தொகையோ முற்றும் காலமோ குறைவதில்லை. நெடிய செடியில் பத்தடிக்குப் பரந்து நின்ற இலைகள் குட்டைச் செடியில் மூன்று நான்கு அடிக்குள் நெருங்கி நிற்கும். காடைக்குத் தேவையான கூரை இதுவே.

இந்தியாவிலும் இப்பயிரை நன்கு ஆராய்ந்துள்ளனர். கோயம்புத்தூருக்கு அணித்தே நம் ஊரின் பெயரையே கொண்ட மற்றொரு செட்டிபாளையம் உண்டு. அக்கோயம்புத்தூரில் 1923ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிறுதானிய ஆராய்ச்சி நிலையத்தில் ஜி. என். ரங்கசுவாமி ஐயங்கார் இறுங்கின் பரம்பரை இயல்புகளை ஆராய்ந்தார். 1964ஆம் ஆண்டில் சி.எஸ்.எச். 1 என்னும் குட்டையான கலப்பின இறுங்கு இந்தியாவில் வெளியிடப்பட்டது.

கலப்பின விதையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் மணியை எடுத்து மறுபோகத்தில் விதைப்பின் நெடியதும் குட்டையுமாகக் கலந்து முளைக்கும். ஆதலின் புகலிடப் பயிருக்குத் தூய குட்டை வகையே ஏற்றது. இறுங்கு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டுவது. அருகில் நெட்டை வகை இல்லாதிருப்பின், நடு வரிசைகளிலுள்ள ஒத்த உயரமுடைய செடிகளின் கதிரைத் தெரிந்தெடுத்து அடுத்த ஆண்டுக்கு விதையாக வைத்துக்கொள்ளலாம்.

நிலத்தைத் தெரிதல்

மிளகாய் விளையும் நல்ல பாத்தியை இதற்குக் கொடுத்துவிடுங்கள் என்று யாம் கேட்கவில்லை. எழுவான்கரையில் தோட்ட வேலியோரம் போதும். படுவான்கரையில் வயலை அடுத்த மேட்டுநிலம், கஜுத் தோட்டத்தின் எல்லை, பற்றையோரம் என்பவை உகந்தவை. நீர் தேங்கும் பள்ளம் ஆகாது. நாய், பூனை நடமாடும் வீட்டு வளவும் ஆகாது.

யானை வரும் வழியில் இப்பயிரை ஒருபோதும் செய்தல் கூடாது. படுவான்கரையின் மேற்குப் புறத்து ஊர்களில் யானையால் உயிருக்கும் குடிமனைக்கும் நேரும் அழிவு உங்களுக்குத் தெரியாததன்று. காடைக்கு வைத்த இறுங்கு யானையை ஊருக்குள் அழைக்குமாயின் அதனால் வரும் கேட்டை எந்த நன்மையும் ஈடு செய்யாது. காட்டுப்பன்றி மிகுந்த இடமும் தவிர்க்கத்தக்கதே.

அளவும் விதைப்பும்

முதலாண்டில் 20 அடி அகலமும் 160 அடி நீளமும் உடைய ஒரு கீற்றே போதும். இது 3,200 சதுர அடி. அதாவது ஏக்கரின் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒரே வரிசையாக நீளும் வேலியைவிட இவ்வகலம் பறவைக்குப் பாதுகாப்பானது. ஓரிரு வரிசையே இருப்பின் கீரியும் காகமும் எளிதாகத் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

மண்ணை இருமுறை கொத்தி, 150 கிலோகிராம் மக்கிய தொழுவெருவை இட்டுக் கலக்குக. ஐப்பசி மழை தொடங்கி மண் நனைந்ததும் விதைக்கலாம். நூறு முதல் நூற்றுப்பத்து நாட்களில் முற்றும் வகையாயின், கடும் மழை தணிந்த பின் தை மாதக் கடைசியிற் கதிர் முற்றும். மழைக்குள் முற்றும் மணியிற் பூஞ்சணம் பிடிக்குமாதலால் இக்கணக்குத் தவறலாகாது.

வரிசைக்கு வரிசை 2 அடியும், குழிக்குக் குழி 6 அங்குலமும் விடுக. அவ்வாறாயின் பத்து வரிசைகளும் ஏறக்குறைய 3,200 குழிகளும் அமையும். குழிக்கு மூன்று மணி வீதம் ஓர் அங்குல ஆழத்தில் இடுக. 300 கிராம் விதை போதும். இரண்டு வாரத்தின் பின் குழிக்கு ஒரு செடியை விட்டு ஏனையவற்றைக் களைக. செடி நெருங்கினாற் பறவை ஓடுதற்கு இடமிராது. விலகினாற் கூரை மூடாது. யூரியாவை மிகுதியாக இடுவதாற் பயனில்லை. அதனால் வரும் கேட்டைப் பின்னர்க் கூறுவேன். நஞ்சு பூசி நிறமூட்டப்பட்ட விதையாயின் ஒரு மணியேனும் மேலே சிந்தாது மூடுதல் வேண்டும். பறவையைக் காக்கப் புகுந்து அதற்கே நஞ்சிடுதல் தகாது.

துணைப் பயிர்

இறுங்கு கூரையையும் தானியத்தையும் தரும். குஞ்சுக்கு வேண்டிய பூச்சியை அது போதிய அளவு தராது. ஆகையால் கீற்றின் ஒரு பக்கத்தே ஆறடி அகலத்துக்குக் கௌபி, பயறு, எள்ளு, தினை என்பவற்றைக் கலந்து தூவி விடுக. அதற்கப்பால் மூன்றடிக்கு இயற்கைப் புல்லை வளரவிடுக. கூடு அமைவது பெரும்பாலும் அப்புல்லின் அடியிலேயாம். இம்மூன்று பகுதிகளிலும் களைநாசினி தெளித்தலாகாது. இறுங்கிற்கு முதல் ஐந்து வாரத்துக்குள் இருமுறை மண்வெட்டியால் களையெடுத்தால் போதும். பிற்பாடு வரும் களை பறவைக்கு உதவியாகும்.

பூச்சியும் நோயும்

இளஞ்செடியின் நடுக்குருத்து வாடிக் காய்ந்தால் அது குருத்து ஈயின் வேலையாகும். மழை தொடங்கியதும் தாமதியாது விதைத்தல் இதற்குச் சிறந்த காப்பு. தண்டுத் துளைப்பான் கண்ட செடியைப் பிடுங்கி எரிக்க.

இவற்றினும் கொடியது படைப்புழு. இது 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்நாட்டுச் சோளன் செய்கையில் தோன்றிப் பெருஞ் சேதம் விளைத்தது. இறுங்கும் இதற்கு இரையே. அயலவர் சோளன் செய்யுமிடத்து உங்கள் கீற்று இப்புழுவை வளர்க்கும் இடமாகிவிடலாம். எனவே வாரம் இருமுறை குருத்தைப் பார்வையிடுக. இலையிற் கிழிந்த துளைகளும் குருத்தினுள் மரத்தூள் போன்ற எச்சமும் காணப்படின் புழுவைக் கையால் எடுத்து நசுக்குக. ஏழெட்டு நூறு சதுர அடிக்கு ஒருவர் வீதம் பார்த்தால் இச்சிறு கீற்று ஒரு காலைப் பொழுதின் வேலையே. அடங்காவிடின் பயிரை வெட்டிப் புதைத்துவிடுக. அயலவர் பயிருக்குக் கேடு விளைத்து நாம் காடை வளர்த்தல் முறையன்று.

மாடுகளைப் பற்றிய எச்சரிக்கை

இதனைக் கூர்ந்து கேட்க வேண்டுகின்றேன். பட்டி மாடுகள் மிகுந்த நம் மாவட்டத்தில் இளம் இறுங்கு ஆபத்தானது. இளஞ்செடியிலும், வறட்சியால் வாடிய செடியிலும், வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பிலும் ஐதரோசயனிக்கு அமிலம் என்னும் கொடிய நஞ்சு உண்டாகும். யூரியா மிகுமாயின் நஞ்சும் மிகும். அத்தகைய தழையைப் பசியோடு வந்த மாடு மேய்ந்தால் சிறிது நேரத்துக்குள்ளேயே மூச்சுத் திணறி வீழ்ந்து இறந்துபோகும். ஆகவே கீற்றைச் சுற்றி முட்கம்பியோ அலம்பல் வேலியோ கட்டாயம் வேண்டும். முற்றிக் கதிர் பறித்த பின் வெட்டி நன்கு உலர்த்திய தட்டையை மாட்டுக்குக் கொடுக்கலாம். மறுதாம்பை மேயவிடுதல் வேண்டாம்.

அறுவடையும் அதன் பின்னும்

ஹெக்டேயருக்கு 1.5 தொன் விளைவு எனக் கொண்டால் இக்கீற்றில் 45 கிலோகிராம் மணி கிடைக்கும். வெளி வரிசைகள் ஐந்தின் கதிரை நீங்கள் கொய்து கொள்க. உள் வரிசைகள் ஐந்தையும் அவ்வாறே நிற்கவிடுக. மாசி, பங்குனியில் நெல் அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும்போது இத்தட்டைகளே பறவையின் நிழலாகும். உதிரும் மணி ஆடி வரையில் சிறிது சிறிதாக உணவாகும். ஆவணியில், அடுத்த போகத்துக்கு முன், தண்டுத் துளைப்பான் தங்காதபடி தட்டையை வெட்டி எரித்தோ மக்கவைத்தோ விடுக.

வெட்டும் முறையிலும் கவனம் தேவை. சுற்றிலுமிருந்து உள்நோக்கி வெட்டினால், பறவையும் குஞ்சும் நடுவில் அகப்பட்டு மடியும். நடுவிலிருந்து வெளிநோக்கி வெட்டினால் அவை ஓடித் தப்பும். ஸ்கொட்லாந்தில் கானாங்கோழி இனத்தைச் சேர்ந்த ஒரு பறவையைக் காப்பதற்குப் புல்வெட்டும் கமக்காரர் இம்முறையையே கைக்கொள்கின்றனர். பெரும்போக நெல்லை அறுக்கும்போதும் இயந்திர ஓட்டுநரிடம் இதனைச் சொல்லி வைக்கலாம், இதனாற் செலவேதுமில்லை.

பயனை அளந்தறிதல்

இம்முறை நம் பகுதியில் எவ்வளவு பலிக்கும் என்பதை நீங்களே கண்டறிதல் வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. மாதத்தில் ஒரு நாள், விடியற்காலையில், கீற்றின் ஓரமாக ஒருமுறை நடந்து எத்தனை பறவை எழுந்தன, குஞ்சோடு திரிந்தவை எத்தனை என்று ஒரு கொப்பியிற் குறித்து வைக்க. கீற்று இல்லாத மற்றொரு வரம்பிலும் அவ்வாறே நடந்து குறிக்க. பாடசாலைப் பிள்ளைகளிடம் இப்பணியை ஒப்புவிக்கலாம். ஆனால் கூடு கட்டும் காலத்தில் புல்லுக்குள் இறங்குதல் கூடாது. வளர்ந்த பறவைகள் மட்டும் பெருகிக் குஞ்சு காணப்படாவிடின், பூச்சி போதவில்லை என்று கொண்டு மறுபோகத்திற் புல்லையும் துணைப் பயிரையும் அகலமாக்குக. இரு ஆண்டுகள் பார்த்தும் ஒரு பறவைகூட வராவிடின் இடத்தை மாற்றுக.

உங்கள் கணக்கை விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவைகள் நிலையத்திலோ காட்டுக. பயன் கண்டதும் காணாததும் ஆகிய இரண்டும் எமக்கு வேண்டற்பாலனவே. அவற்றைக் கொண்டே அடுத்த கிராமத்தாருக்கு உரிய ஆலோசனையைக் கூற இயலும்.

கமக்காரர்களே, ஒருவர் தனித்துச் செய்யும் கீற்றைவிட, அடுத்தடுத்த ஐந்தாறு காணிக்காரர் தத்தம் எல்லையிற் செய்யும் கீற்றுகள் மிகுந்த பயன் தரும். பறவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மறைவாகச் செல்ல முடியும். வேலிச் செலவும் பங்காகும். வரும் ஐப்பசிக்கு முன் உங்கள் கமக்காரர் அமைப்பிற் கூடி இடத்தைத் தெரிந்து, விதைக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்துகொள்ளுமாறு வேண்டி இவ்வுரையை நிறைவு செய்கின்றேன்.